வரிசைக்கு வேறு சொல்

ஞாயிற்றுக்கிழமை மாவாட்டுவது அழகுபாண்டியின் வேலை. அப்படி யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முத்துச்செல்வி பிளக்ஸ் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு உளுந்து தானாகவே அவன் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிரைண்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சத்தத்தை வைத்தே பதம் பார்ப்பான். டூவீலர் மெக்கானிக். இன்ஜினுக்கும் உளுந்துக்கும் அவன் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்த வேலையில் அவனுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. கிரைண்டர் ஓடும்போது அவனுக்குக் காது கேட்காது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்காது.

முத்துச்செல்வி போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, காதுகுத்து பிளக்ஸுல அண்ணன் 'வரிசை'ங்கிற வார்த்தையை விட்டுக்குடுக்க மாட்டேங்குது. தம்பியோ அதே வார்த்தை எனக்கு வேணாம்ங்கிறான், அதவிடக் கொறஞ்சதும் வேணாம்ங்கிறான். நான் என்னத்தச் செய்ய?"

அழகுபாண்டி ஒரு கை தண்ணீர் தெளித்தான்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

"நல்லாப் பொங்கி வருது," என்றான் அவன், உளுந்தைப் பார்த்து.

அவர்களுடைய ஒரே பையன் அருண்பாண்டிக்கு அடுத்த மாதம் காதுகுத்து. வில்லாபுரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே மண்டபம் பிடித்திருந்தார்கள். தாய்மாமன் மேளதாளத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவர வேண்டும். பையனை மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். அந்த மடியில் வைத்துத்தான் ஆசாரி காதைக் குத்துவார். இதில் சிக்கல் ஒன்றுதான். மாமன் இரண்டு பேர், மடி ஒன்று.

மூத்தவன் சுருளி எழுமலையில் விவசாயம். இளையவன் ஜெயபாண்டி கோரிப்பாளையத்தில் செல்போன் கடை. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் முத்துச்செல்வி. அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. காரணம், ஓர் ஆட்டுத் தலை. குலதெய்வத்துக்கு வெட்டிய கிடாயின் தலை மூத்தவனுக்குச் சேர வேண்டும் என்பது முறை. கிடா வாங்கிக் கொடுத்ததோ இளையவன். வாக்குவாதம் முற்றியபோது ஜெயபாண்டி தலையைச் சாக்கில் சுற்றி, பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போய்விட்டான். அவன் மனைவி சுபலட்சுமிக்குத் தலைக்கறி வைக்கத் தெரியாது. எழுமலைக்குத்தான் போன் போட்டுக் கேட்டாள். சுருளி ஆத்திரத்தோடு தெருவில் நின்று குதித்துக்கொண்டிருக்க, அவன் மனைவி செல்லக்கிளி வீட்டுக்குள் உட்கார்ந்து மிளகு எம்புட்டு, சீரகம் எம்புட்டு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அந்த இரண்டு பெண்களும் அன்றைக்கும் சண்டை போடவில்லை, இன்றைக்கும் போடவில்லை. தினமும் பேசுகிறார்கள்.

வெளியாட்களுக்கு இது சிரிப்பு. முத்துச்செல்விக்கு அப்படியில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எழுமலை வீடும் கோரிப்பாளையத்து வீடும் சேர்ந்துதான் அவளுக்குப் பிறந்த வீடு. மாமன் முறை செய்ய வராதவன் வீட்டுக்கு அதற்கப்புறம் அவள் போய் நிற்க முடியாது. அவனும் இங்கே படியேற மாட்டான். அவன் வீட்டு நல்லது கெட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தன் முறைத்துக்கொண்டு போனால் பிறந்த வீட்டில் பாதி போச்சு. இரண்டு பேரும் வர வேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதற்கு அவள் தன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை நம்பினாள். அது வார்த்தை.

கண்ணுச்சாமியின் பிளக்ஸ் கடையில் டிசைன் பார்க்கும் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வாசகம் எழுத மட்டும் முத்துச்செல்விதான். "செல்வியக்கா இருக்காகளா?" என்று கேட்டு, இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்து காத்திருப்பார்கள். அந்தப் பகுதியில் யார் செத்தாலும் 'இமயம் சரிந்தது' என்று போடுவதுதான் வழக்கமாக இருந்தது. ஒரு முறை ஒரே தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு இமயம் சரிந்தபோது, இரண்டாவது வீட்டுக்காரர்கள் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்களுக்கு வேற மலை போடுங்க" என்றார்கள். கண்ணுச்சாமி நாகமலை, பசுமலை என்று ஊரைச் சுற்றி இருக்கிற மலையெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. முத்துச்செல்விதான் 'ஆலமரம் சாய்ந்தது' என்று எழுதிக் கொடுத்தாள். அதற்கடுத்த சாவுக்கு 'கலங்கரை விளக்கம் அணைந்தது.' செத்தவர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரன் போட்ட வார்த்தை தனக்கு வேண்டாம். அதைவிட ஒரு பிடி ஒசந்த வார்த்தை வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாருடைய கோரிக்கையும் இதுதான். பிளஸ் டூவில் தமிழில் நல்ல மார்க் வாங்கியது வேறு எதற்கும் உதவாவிட்டாலும் இதற்கு உதவியது. அதனால் அண்ணன் தம்பி பிரச்சினையையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுத்துவிட்டால் யாரும் யாருக்கும் பின்னால் வந்ததாக ஆகாது.

திங்கட்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பிளக்ஸுல அண்ணன் படத்துக்குக் கீழ 'தாய்மாமன் சீர்வரிசை'ன்னு போட்டுருவோம். உனக்கு 'சீர்த்தொடர்'னு போடவா?"

"சாயங்காலம் டிவியில ஓடுமே, அதுதானக்கா தொடர்? நான் சீரா கொண்டாறேன், சீரியலா கொண்டாறேன்?"

"சரம்?"

"பட்டாசுக் கடையா வச்சிருக்கேன்?"

"அப்பக் கோவைன்னு போடுறேன். நல்ல வார்த்தைடா. அழகாக் கோத்து வாரதுக்குப் பேரு கோவை."

"கோரிப்பாளையத்துல இருந்து வாரேன். கோவைன்னு போட்டா என் கடைக்காரப் பயலுகளே நம்ப மாட்டாய்ங்க."

"ஊர்வலம்?"

"முன்னால 'இறுதி'ன்னு இல்லாட்டியும் பாதிப் பேரு சேத்துத்தான் படிப்பான். அதையும் ஒங்க கடையிலதான அடிக்கிறீங்க?"

முத்துச்செல்வி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "சங்கிலி?"

ஜெயபாண்டி குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "அக்கா, சங்கிலின்னு போட்டா வாரவய்ங்க எல்லாம் மருமகன் கழுத்தைத்தான் பாப்பாய்ங்க. நான் மோதிரந்தான் எடுத்திருக்கேன்."

"கடைசியாச் சொல்றேன். அணிவகுப்பு."

"என்னது, இன்னொருக்காச் சொல்லு."

"அணிவகுப்பு. தாய்மாமன் சீர் அணிவகுப்பு."

"அது! ஆகஸ்டு பதினஞ்சு மாதிரி இருக்குக்கா. அதையே போடு."

அவள் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மூடுவதற்குள் எழுமலையிலிருந்து போன் வந்தது. சுபலட்சுமி செல்லக்கிளியிடம் சொல்ல, செல்லக்கிளி சுருளியிடம் சொல்லியிருந்தாள்.

"ஏத்தா செல்வி. அவனுக்கு ஆறெழுத்து, எனக்கு மூணெழுத்தா?"

"எண்ணியா பாத்தீக?"

"ஒன் மதினி எண்ணுச்சு. நான் மூத்தவனா, அவன் மூத்தவனா? ரோட்டுல போறவன் பாத்தா எது கண்ணுல படும்? எனக்கும் நீட்டமாப் போடு."

"வரிசைதாண்ணே வேணும்னு நின்னீக?"

"வரிசை இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி எதையாச்சும் கட்டித் தொங்கவிடு."

அண்ணனுடையது 'சீர்வரிசைப் பெருந்தொடர்' ஆனது. செய்தி கோரிப்பாளையம் போய்ச் சேர்ந்ததும் தம்பியுடையது 'மாபெரும் சீர் அணிவகுப்பு' ஆனது. அண்ணன் 'மதுரையே வியக்கும்' என்பதைச் சேர்க்கச் சொன்னான். மதுரையை விட்டால் தம்பிக்கு இருந்தது தமிழ்நாடு. புதன்கிழமைக்குள் 'தென்னகமே திரண்டு பார்க்கும்' வரை வந்துவிட்டது.

கண்ணுச்சாமி கணினித் திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பையன் படம் எங்க?"

முத்துச்செல்வி சுட்டிக் காட்டினாள். எழுத்துக்கு இடம் விட்டு விட்டு, அருண்பாண்டியின் படம் கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒடுங்கியிருந்தது. இரண்டு பக்கமும் மாமன்களின் சட்டைக் காலர் நெருக்கியதில் பையனுக்குக் காதே தெரியவில்லை.

"காதுகுத்துக்குப் போடுற பிளக்ஸு," என்றார் கண்ணுச்சாமி. "காது மட்டுமாச்சும் தெரியட்டும்மா."

அவள் திரையில் இருந்ததைத் திரும்பப் படித்தாள். வரிசை, தொடர், சரம், கோவை, அணி என்று தமிழில் இத்தனை இருக்கிறது. எதைத் தொட்டாலும் அதில் ஒன்று முன்னால் நிற்கிறது, ஒன்று பின்னால் நிற்கிறது. அப்புறம் எல்லாவற்றையும் தேர்வு செய்து ஒரே அழுத்தாக அழித்தாள். 'தாய்மாமன்மார் வருகிறார்கள்' என்று மட்டும் அடித்தாள். பையனின் படத்தைப் பெரிதாக்கி நடுவில் வைத்தாள். காது இரண்டும் நன்றாகத் தெரிந்தன.

மாமன்களின் படத்தில் எது இடது, எது வலது என்ற கேள்விக்கும் ஒரு வழி கண்டாள். மண்டபத்து வாசலுக்கு நேரே தெருவின் குறுக்கே வளைவு வைப்பார்கள். அதற்கு இரண்டு முகம். கிழக்கே இருந்து வருகிறவர்கள் பார்க்கும் முகத்தில் சுருளி முதலில், மேற்கே இருந்து வருகிறவர்கள் பார்க்கும் முகத்தில் ஜெயபாண்டி முதலில். கண்ணுச்சாமி அசந்துபோய், "நீ கலெக்டராப் போயிருக்கணும்" என்றார். அண்ணனும் ஒத்துக்கொண்டான், தம்பியும் ஒத்துக்கொண்டான். அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விழா அன்று காலையில்தான் தெரிந்தது. சுருளி, தன் படம் முதலில் தெரியும் கிழக்குப் பக்கத்திலிருந்துதான் சீர் கொண்டுவருவேன் என்று வேனைச் சுற்றவிட்டு அந்த முனையில் இறங்கியிருந்தான். ஜெயபாண்டி அதே காரணத்துக்காக மேற்கு முனையில் இறங்கியிருந்தான். அண்ணனுக்கு நையாண்டி மேளம், தம்பிக்குச் செண்டை மேளம். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, நேருக்கு நேராக வந்து, வளைவுக்குக் கீழே, மண்டபத்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

வாசல் அகலம் குறைவு. அண்ணன் ஆட்கள் நுழைந்தால் தம்பி பின்னால் நுழைய வேண்டும். தம்பி ஆட்கள் நுழைந்தால் அண்ணன். இரண்டு பக்கமும் அடி எடுத்து வைக்கவில்லை. மேளக்காரர்கள் மட்டும், எதிராளி நிறுத்தினால்தான் நிறுத்துவது என்று, வேர்க்க வேர்க்க அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுருளி பக்கத்தில் முன்னால் மாலை போட்ட கிடா ஒன்று நின்றது. ஜெயபாண்டி பக்கத்தில் முன்னால் பேட்டரியில் ஓடும் சிவப்பு பொம்மைக் கார்.

"பாத்தியாக்கா?" என்று ஜெயபாண்டி வாசலில் நின்ற முத்துச்செல்வியிடம் கத்தினான். "வேணும்னே கிடாவைக் கொண்டாந்து குத்திக் காட்டுறாரு!"

"சீருக்குக் கிடா கொண்டாராம முயலையா கொண்டாருவாக?" என்று சுருளி பொதுவாக வானத்தைப் பார்த்துச் சொன்னான். "அதுல தலை இருக்கான்னு நல்லா எண்ணிப் பாத்துக்கிறச் சொல்லுத்தா."

"அண்ணே, இங்க வச்சு வேணாம்ணே. தம்பி, ஒரு அடி ஒதுங்குப்பா."

"நான் எதுக்கு ஒதுங்கணும்? பிளக்ஸைப் பாரு. யாரு படம் முதல்ல இருக்கு?"

"இந்தப் பக்கம் வந்து பாக்கச் சொல்லு அவனை!"

தெருவில் இரண்டு பக்கமும் ஆட்டோவும் வேனும் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அழகுபாண்டி மாப்பிள்ளை முறுக்கில் ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள். யாராவது ஒருத்தன் இப்போது திரும்பி நடந்தால் முடிந்தது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. ஜெயபாண்டி வேன் டிரைவரைக் கைகாட்டிக் கூப்பிடுவதைப் பார்த்தாள்.

அப்போது செல்லக்கிளியின் குரல் கேட்டது. பலாப்பழத் தட்டு அவள் தலையில் இருந்தது.

"ஏ சுபா. கழுத்து ஒடியுது."

"எனக்கும்தான்க்கா. வெறுங்காலு வேற. தார் ரோடு கொதிக்குது."

"வா, போவோம்."

இரண்டு பேரும் அவரவர் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடந்து வாசலுக்குள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால், தட்டு சுமந்து நின்ற பெண்கள் எல்லாரும் யார் வீட்டுத் தட்டு எது என்று பார்க்காமல் நிழலைப் பார்த்து ஓடினார்கள். எழுமலை ஆப்பிளுக்குப் பின்னால் கோரிப்பாளையத்து ஆரஞ்சு போனது. செண்டைக்காரர்கள் நடுவில் நையாண்டிக்காரர் ஒருவர் சிக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் அவர்கள் தாளத்துக்கே வாசித்துக்கொண்டு போனார். கிடா, போகிற போக்கில் ஜெயபாண்டி வீட்டு வாழைத்தாரில் ஒரு சீப்பைக் கடித்து இழுத்துக்கொண்டது. கடைசியில் தெருவில் மிஞ்சியது, கழுத்தில் மாலையோடு இரண்டு மாமன்மார்தான். ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, மாலையைப் போட்டுக்கிட்டு நடுரோட்டுலயே நின்னா எப்பிடி, உள்ள போங்க" என்றார்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். யார் முதலில் என்று முத்துச்செல்வி வேண்டுமென்றே பார்க்கவில்லை.

மேடையில் மணைப்பலகை போட்டு ஆசாரி காத்திருந்தார். சுருளி நேராகப் போய் உட்கார்ந்து, பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் ஜெயபாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. கழுத்து மாலையைக் கழற்றினான். மேடைப் படியில் வைத்தான்.

"தம்பி!" என்றாள் முத்துச்செல்வி.

"கெடக்கட்டும்க்கா. முறை செஞ்சாச்சுல்ல. நான் வாரேன்."

அவன் இரண்டு படி இறங்கியிருப்பான். ஆசாரி ஊசியை எடுத்தார். அருண்பாண்டி அதைப் பார்த்தான். யூ.கே.ஜி. படிக்கிற பயலுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு கால் ஆசாரியின் சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. இன்னொரு கால் அழகுபாண்டியின் தாடையைப் பதம் பார்த்தது. சுருளி மல்லாந்து விழப் பார்த்தான்.

"காலைப் பிடிங்கப்பா! யாராச்சும் காலைப் பிடிங்க!" என்று சுருளி அலறினான்.

பக்கத்தில் இருந்தது ஜெயபாண்டிதான். யோசிக்க நேரமில்லாமல் பாய்ந்து வந்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் தன் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரு காது முடிந்தது. பையன் போட்ட சத்தத்தில் மேளம் தானாக நின்றுபோனது.

"இப்ப அந்தக் காது," என்றார் ஆசாரி. "பயலைத் திருப்புங்க."

"நீங்க அந்தப் பக்கம் வந்து குத்துங்க," என்றான் சுருளி.

"எனக்கு முட்டி வலி. உக்காந்தா உக்காந்ததுதான். பயலைத் திருப்புங்க."

திருப்பினார்கள். தலை இருந்த இடத்துக்குக் கால் வந்தது, கால் இருந்த இடத்துக்குத் தலை போனது. பையனின் தலை ஜெயபாண்டியின் மடியில் இருந்தது. ஆசாரி குத்தினார். சபையில் குலவை கேட்டது. ஒரு காது மூத்த மாமன் மடியில், ஒரு காது இளைய மாமன் மடியில். யாரும் திட்டம் போடவில்லை. முத்துச்செல்வி ஒரு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டது ஆசாரியின் முட்டி வலியில் முடிந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

அந்த நேரத்தில் சுருளி, "ஏய், ஏய்" என்று பதறினான். பையனுக்குப் பயத்தில் போகவேண்டியது போய்விட்டது. இந்த முறை சுருளியின் மடிப்பக்கம் இருந்தது தலையில்லை. பட்டுக்கரை வேட்டி, முன்பக்கம் முழுக்க.

மணமகன் அறை என்று பெயர் எழுதியிருந்த அறைக்குள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் ஈர வேட்டியோடு நாற்காலியில் உட்காரவும் முடியாமல், ஜன்னல் பக்கம் நின்றான்.

"மருமகன் மூத்திரம் ராசிதாண்ணே."

"ராசி எனக்கு மட்டும் எதுக்கு?" என்றான் சுருளி. "அந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பியிருக்கலாம்ல? மாத்து வேட்டிகூட இல்லத்தா. வேன் எங்க நிக்குதுன்னும் தெரியல."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயபாண்டி வந்தான். கையில் ஒரு சீர்த்தட்டு. அதில் பிரிக்காத வேட்டி சட்டை, மாப்பிள்ளை அழகுபாண்டிக்கு என்று எடுத்தது. மேலே ஒரு வெற்றிலை, ஒரு ஆப்பிள். மேஜையில் வைத்தான். சுருளி திரும்பவில்லை. ஆனால் கையை மட்டும் பின்னால் நீட்டினான். முத்துச்செல்வி வேட்டியை உறை பிரித்து அந்தக் கையில் கொடுத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கட்ட ஆரம்பித்தான்.

ஜெயபாண்டி காலியான உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே எல்லாத் தட்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. எது யார் வீட்டுத் தட்டு என்று செல்லக்கிளிக்கும் தெரியவில்லை, சுபலட்சுமிக்கும் தெரியவில்லை.

"அண்ணே," என்றான், இரண்டு வருஷத்துக்குப் பிறகு, உறையைப் பார்த்தபடியே. "இது நீங்க எடுத்த வேட்டியா, நான் எடுத்த வேட்டியா?"

சுருளியின் கை மடிப்பில் நின்றது. முத்துச்செல்வி அண்ணனின் முதுகைப் பார்த்தாள். அவன் வேட்டியின் ஓரத்தை இழுத்து, இடுப்பில் செருகி, சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான்.

"முதல் பந்தி போட்டாச்சு!" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

ஜெயபாண்டி தட்டில் இருந்த ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டே, சாப்பிடப் பந்தி நடக்கும் பக்கம் போனான்.